முதுகில் ஒரு பை

மேசைமேல் வைக்கப்பட்ட சட்டைக்குத் தலை இருந்தது.

சாந்தி அதை மடிப்புக் கலைக்காமல்தான் வைத்தாள். ஆனாலும் கழுத்துக்குப் பின்னால் தைத்திருந்த துணிக் குல்லா தானாகச் சரிந்தது. உள்ளே யாரோ குனிந்திருப்பதுபோல் தோன்றியது. சாம்பல் நிறம். தடித்த பருத்திப் பின்னல். கழுத்திலிருந்து இடுப்புவரை நேராக ஒரு ஜிப்.

"இந்தக் கொங்காணியாலதான் ஐயா எங்க குடி கெட்டுச்சு," என்றாள்.

மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறவர்கள் தோட்டத்து ஆட்கள். அந்தச் சாக்குக்குப் பெயர் கொங்காணி. குல்லா வைத்த சட்டையைக் கண்டாலும் அவர்கள் வாயில் அந்தப் பெயர்தான் வரும்.

துப்பறிகிறவன் என்று நான் எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. பதினான்கு ஆண்டு மலாக்கா கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். வெளியே வந்ததும் மனு எழுதிக் கொடுக்கலாமென்று கடைத்தெரு மாடியில் ஓர் அறை பிடித்தேன். மனுவுக்கென்று வருகிறவர்களில் பாதிப்பேர் காகிதத்தில் ஏற்ற முடியாத சங்கதிகளைத்தான் கொண்டுவந்தார்கள். அவற்றை விசாரிக்கப் போய் இந்தத் தொழில் வந்து சேர்ந்தது. பலகையில் இருப்பது 'தம்புசாமி, மனு எழுதுபவர்' என்பது மட்டும்தான்.

சாந்தி அலோர் காஜாவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

மாசி மகம் கழிந்த இரண்டாம் நாள் விடியற்காலை, தோட்டத்தைப் பட்டாளம் சூழ்ந்தது. கம்பி வேலிக்குள் இருந்த அத்தனை பேரையும் பந்துத் திடலில் வரிசையாக நிறுத்தினார்கள். லாரியிலிருந்து ஓர் உருவத்தை இறக்கினார்கள். சாம்பல் நிறக் கொங்காணி. முகம் முழுக்கத் துணி. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அது வரிசையோரமாக நடந்தது. நான்கு பேருக்கு முன்னால் நின்று தலையை ஆட்டியது. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தார்கள் என்று அந்த நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆறு வாரம் ஆகிறது. கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு.

"தோட்டத்துல இந்தச் சட்டைக் கொங்காணி போடுறது எங்க வீட்டுக்காரரு ஒருத்தருதான். வடிவேலுன்னு பேரு. அன்னைக்கு வரிசையிலயும் அவரு இல்ல."

"எங்கே இருந்தார்?"

அவள் மேசை விளிம்பைப் பார்த்தாள். "லோக்கப்புல. சம்சு குடிச்சிட்டு ரோட்டுல கெடந்தாரு. மாத்தா போலீசு தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"வெக்கத்த விட்டுச் சொன்னோம் ஐயா. 'பாத்தியா, போலீஸ்கிட்டதான் இருந்திருக்கான்'னுட்டாங்க."

இத்தனை ஆண்டில், குற்றவாளியாக்கிய சாட்சியத்தை நிறைய மொழிபெயர்த்திருக்கிறேன். குற்றமற்றவன் என்று காட்டும் சாட்சியமே ஆளை மாட்டிவிடுவதை அன்றுதான் கேட்டேன்.

அவள் முந்தானையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். நடுவில் ஆணி அடித்த ஓட்டை. வடிவேலுவின் வெட்டு மரத்தில் அடித்து வைத்திருந்தார்களாம். துரோகி வடிவேலு சித்திரை பிறப்பதைப் பார்க்கமாட்டான் என்று அதில் இருந்தது.

சித்திரை நாளை மறுநாள் பிறக்கிறது.

அப்போதுதான் படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஜைனுதீன் வந்தான். தலையில் சட்டைக் குல்லா, வயிற்றின்மேல் இருந்த பெரிய பைக்குள் இரண்டு கைகளும். சாந்தி திடுக்கிட்டு எழுந்துவிட்டாள்.

"பயப்படாதீங்க தங்கச்சி. உள்ள இருக்கிறது மனுசன்தான். அண்ணன் மட்டும் ஒத்துக்கமாட்டாரு." குல்லாவைத் தள்ளிவிட்டு, பைக்குள்ளிருந்து ஒரு பிடி கச்சாங் கடலையை எடுத்து நீட்டினான். "சாப்பிடுங்க லா."

ஜைனுதீன் என் உதவியாள். முப்பதை நெருங்குகிறவன். என்னிடம் வருமுன் ஐஸ் பேக்டரியில் ஐந்து வருஷம் ஐஸ்கட்டி சுமந்தவன். அங்கே பிடித்த குளிர் இன்னும் விடவில்லை என்று சொல்லி, மலாக்கா வெயிலிலும் அந்தச் சட்டையைக் கழற்றமாட்டான். ஆறு வாரத்துக்கு முன்னால், மீன் லாரியில் செர்காமுக்குப் போகும் வழியில், சாப்பாடு காட்டுக்குப் போகாமலிருக்க வைத்த அளவுக்குமேல் நாலு பால் டின் வைத்திருந்தான் என்று பிடித்து உள்ளே வைத்தார்கள். பிடித்து இரண்டு நாள் கழித்து, மாசி மகத்தன்று ஊரே சன்னாசிமலைத் திருவிழாவுக்குப் போயிருக்க, நான் போலீஸ் நிலையத்தில் நின்று இன்ஸ்பெக்டரிடம் பேசினேன். அதிலிருந்து இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

"டின்னுக்கு ஒரு நாளுன்னு நாலு நாள் அரசாங்கச் சாப்பாடு அண்ணே. அஞ்சாவது டின் இல்லாமப் போச்சேன்னுதான் கவலை," என்று வந்த அன்று சொன்னான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சாந்தியின் கதையை அவனுக்குச் சுருக்கிச் சொன்னேன். அவன் மேசையிலிருந்த குல்லாவில் ஓர் இடத்தைத் தொட்டான். கறுப்பு நூலால் இழையோடிய சின்ன ஒட்டு.

"இது என்ன?"

"மண்ணெண்ணெ வெளக்குல சுட்டுப்போச்சு. கண்ணு ஓட்டையத் தச்சு மூடிட்டன்னு சொல்றாங்க."

"ஒரு ஓட்டைதானே இருக்கு. வந்தவன் என்ன ஒத்தக் கண்ணனா?" என்றான். பிறகு, "தங்கச்சிக்குக் கோப்பி வாங்கியாரேன்," என்று கீழே போனான்.

"உங்கள் வீட்டுக்காரர் இல்லை என்று சொல்கிறவர்கள் தோட்டத்தில் ஒருவருமே இல்லையா?"

"ஒருத்தங்க இருக்காங்க. ஆயாக்கொட்டாயில பிள்ளைங்களப் பாத்துக்குற முனியாயி அக்கா. குழாயடியில எங்க வாளிய எட்டி ஒதைக்கிறாங்க ஐயா. அவங்க மட்டும்தான் எம்பிள்ளைய வாங்கி வெச்சுக்குறாங்க. அவங்க மகன் காளிமுத்து அந்த நாலு பேருல ஒருத்தன்."

"எதனால் இல்லை என்கிறார்?"

"முதுகுல பை இருந்துச்சாம். எல்லாரும் சிரிக்கிறாங்க. முதுகுல எவனாச்சும் பை தைப்பானா?"

ஜைனுதீன் கோப்பியோடு திரும்பியபோது மேலே வெறும் பனியன்தான் இருந்தது. நனைந்த சட்டை கையில் சுருண்டிருந்தது. "பாதியத் தங்கச்சிக்கு வாங்கினேன், பாதியச் சட்டை குடிச்சிருச்சு," என்றான். சட்டையை நாற்காலிக்குப் பின்னால் போட்டுவிட்டு, கொடியில் கிடந்த என் பழைய வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டான்.

நான் அதைப் பார்த்தேன். அவ்வளவுதான். பார்த்தேன்.

*

ஜமாலுதீன் கடையில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் பழந்துணி. ஜமாலுதீன் ஜைனுதீனுக்குத் தாய்மாமன். சாந்தியின் சட்டையை வாங்கி, ஒரு தடவை உதறி, உள்பக்கம் திருப்பி, மூக்கருகே கொண்டுபோனார்.

"நம்ம கடைச் சரக்குதான். போன வருசம் வித்தது. ஆளை ஞாபகமில்ல, சட்டைய ஞாபகமிருக்கு."

"இதில் வகை உண்டா?"

"வகையா? தம்புசாமி, கோர்ட்டுல எல்லாக் கறுப்புக் கோட்டும் ஒண்ணா?" பெட்டிமேல் மூன்று சட்டைகளைப் போட்டார். "இதுக்கு வெள்ளக்காரன் வெச்ச பேரு ஸ்வெட் ஷர்ட். வேர்க்கிறதுக்குன்னே ஒரு சட்டை! நமக்கு அதுக்குச் சட்டை வேற வேணுமா? சும்மா நின்னாலே வேர்க்குது."

முதலாவது குல்லா இல்லாதது. வட்டக் கழுத்து. கழுத்துக்குக் கீழே முக்கோணமாக இன்னொரு பின்னல் வைத்துத் தைத்திருந்தது. "ஓடுறவன் போடுறது. வேர்வைய இந்த முக்கோணம் குடிக்கும். தலைய விடும்போது கழுத்தும் கிழியாது." இரண்டாவது சாந்தியினுடையதுபோல. ஜிப்பும், இரண்டு இடுப்பிலும் ஒவ்வொரு பையும். "திறந்து மூடலாம். தோட்டத்துல, சைக்கிள்ல போறவங்களுக்கு இதான் பிடிக்கும்." மூன்றாவதற்கு ஜிப் இல்லை. தலைவழியாக மாட்டவேண்டும். குல்லாவில் இழுத்துக் கட்டக் கயிறு. வயிற்றின்மேல் ஒரே பை, இரண்டு பக்கமும் வாய்.

"இது ஐஸ் கிடங்குல வேலை செய்யறவனுக்குன்னு தைக்கிறது. ரெண்டு கையையும் ஒரே பையில விட்டா ஒண்ணுக்கொண்ணு சூடு குடுக்கும். இது நமக்கு அஞ்சாறுதான் வந்துச்சு. ஐஸ் பேக்டரிப் பசங்க எடுத்துக்கிட்டாங்க. இவனே ரெண்டு வாங்கிட்டான். முதல் சட்டைய எலி கடிச்சிருச்சாம்."

"உங்க கடை எலிதான் மாமு. பழகின ருசி தேடி வந்திருக்கு," என்றான் ஜைனுதீன்.

நான் மூன்றாவது சட்டையைக் கையில் எடுத்தேன். அதன் முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பினேன். கழுத்துக்குப் பின்னால் கிடந்த குல்லா முன்னால் வந்தது. மேலே தூக்கினேன். ஒரு முகம் மறையுமளவுக்கு இருந்தது. வயிற்றுப் பை முதுகுக்குப் போயிருந்தது.

"முனியாயி பைத்தியமில்லை," என்றேன்.

ஜமாலுதீன் வியந்து நாக்கைத் தட்டினார். ஜைனுதீன் வெளியே போய் மழை வருமா என்று பார்த்தான்.

"அப்ப முடிஞ்சது அண்ணே," என்றான் திரும்பி வந்து. "வடிவேலு சட்டையத் திருப்பிப் போட்டா முதுகுல ஜிப்பு. பை இல்ல. தங்கச்சிக்கு ஒரு காகிதம் எழுதிக் குடுத்துடுங்க. நாம எதுக்குத் தோட்டத்துக்கு?"

"காகிதத்தை நம்பமாட்டார்கள். பார்த்தவள் வாயால் வரவேண்டும்."

"போட்டவன் யாருன்னு கண்டுபிடிச்சா என்ன செய்வீங்க? வடிவேலுவுக்குப் பதிலா அவன் செத்துப்போவான். அவ்வளவுதானே?"

நல்ல கேள்வி. பஸ்ஸில் முழுநேரமும் அதற்குப் பதில் யோசித்தேன். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். மழை தூறியது. கண்ணாடியில்லாத ஜன்னலோரம் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்த ஜைனுதீன் நடுங்கினான். முன் இருக்கையில் சாந்தி தன் சட்டையை மடியில் அணைத்திருந்தாள். அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லி அவனிடம் நீட்டினாள். அவன் பாம்பைக் கண்டவன்போல் கையை இழுத்துக்கொண்டான்.

*

தோட்டத்து வாசலில் எங்களைத் தடவிச் சோதித்து உள்ளே விட்டார்கள். அரிசி இல்லை, டின் இல்லை. ஆயாக்கொட்டாயில் பிள்ளைகள் தூங்கும் துணி ஏணைகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றை ஆட்டிக்கொண்டே முனியாயி பேசினாள். ஐம்பது வயதிருக்கும். குரலில் அழுகையோ கோபமோ இல்லை. மகனைக் கொண்டுபோன நாளைப் பற்றி ஆறு வாரமாகத் தனக்குள்ளேயே பேசித் தேய்ந்துபோன குரல்.

"எல்லாரும் அந்த ஓட்டையவே பாத்தாங்க தம்பி. முகமில்லாதவன் முகத்துல என்ன இருக்கு? நான் கையப் பாத்தேன்."

"கை என்ன செய்தது?"

ஏணைக் கயிற்றை விட்டாள். இரண்டு கைகளையும் ஒன்றாக வயிற்றருகே கொண்டுவந்தாள். எதையோ தேடுவதுபோல் பக்கவாட்டில் நகர்த்தினாள். கைகள் வழுக்கிக் கீழே விழுந்தன. மறுபடியும் அப்படியே.

"நின்ன எடத்துலயெல்லாம் இதேதான். வயித்தத் தடவுறான், பசி போலன்னு நெனச்சேன். பாவம்னு நெனச்சேன். எம்மவன் முன்னால நின்னு தலையாட்டுறதுக்கு ஒரு நிமிசம் முன்னால வரைக்கும், பாவம், காலையில ஒண்ணும் சாப்பிடல போலன்னு நெனச்சேன். அதச் சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு."

"முதுகை எப்போது பார்த்தீர்கள்?"

"திரும்ப லாரியில ஏத்தும்போது. ரெண்டு பக்கமும் வாய் தொறந்த பை. ஜிப்பு கிப்பு ஒண்ணும் இல்ல."

எனக்குள் எல்லாம் சட்டென்று ஓரிடத்தில் வந்து நின்றது. சட்டையைத் திருப்பிப் போட்டது முகத்தை மறைக்க. ஆனால் கைக்கு அது தெரியாது. தினமும் வயிற்றுப் பைக்குள் போய்ப் பழகிய கை, அது இருக்கவேண்டிய இடத்தைத் தேடியிருக்கிறது. ஜிப் சட்டைக்காரன் கை இரண்டு இடுப்புக்கும் பிரிந்து போகும். ஆகவே வந்தவன் வடிவேலு இல்லை. அந்த மூன்றாவது வகைச் சட்டையை வருஷக்கணக்காகப் போட்டவன்.

வெற்றியைப் பகிர்ந்துகொள்ள ஜைனுதீனைத் திரும்பிப் பார்த்தேன்.

கொட்டகை வாசலில் தூணோரம் நின்றிருந்தான். சாரல் அடித்தது. அவனுடைய இரண்டு கைகளும் ஒன்றாக வயிற்றருகே வந்தன. என் வெள்ளைச் சட்டைமேல் பக்கவாட்டில் நகர்ந்தன. வழுக்கிக் கீழே விழுந்தன.

முனியாயியும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏணை தானாக ஆடி நிற்கும்வரை பார்த்தாள்.

"தம்பிக்குப் பசிக்குதா?" என்று கேட்டாள்.

ஜைனுதீன் தன் கைகளைப் பார்த்தான். பிறகு அவளை.

"இல்லம்மா," என்றான். "அன்னைக்கும் பசியில்ல."

ஒரு குழந்தை விழித்துச் சிணுங்கியது. சாந்தி அதைத் தூக்கிக்கொண்டாள்.

"என் சட்டையத்தான் கழட்டித் திருப்பிப் போட்டுவிட்டாங்க. குல்லாவ முகத்துல இழுத்து, கத்திரியால ரெண்டு ஓட்டை. 'தோள அழுத்துனா தலையாட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா ரெண்டு வருசம்'னாங்க. நாலு தடவ அழுத்துனாங்க."

"எம்மவன் என்ன செஞ்சான்னு உனக்குத் தெரியுமா?"

"பேரே தெரியாதும்மா. இங்க ஒருத்தரையும் தெரியாது. அவங்க கையில ஏற்கெனவே ஒரு லிஸ்டு இருந்துச்சு. நான் வெறும் தலை."

"இந்த ஊர்லயே இல்லாத உன்ன எதுக்குத் தேடிப் பிடிச்சாங்க?"

அவன் கண் எங்கெங்கோ போனது. ஏணைக்கு, கூரைக்கு, சாந்திக்கு. என் பக்கம் மட்டும் வரவில்லை. அவ்வளவு கவனமாக என்னைத் தவிர்த்தான்.

"நானா வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன்," என்றான். "உங்களுக்குத்தான் தெரியுதே, எனக்கு வாய் ஜாஸ்தி."

மாசி மகத்தன்று நான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னது என்னவென்று அப்போது நினைவுக்கு வந்தது. நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். "நாலு டின்னுக்காக இவனை உள்ளே வைத்து உங்களுக்கு என்ன லாபம்? அனுப்பிவிடுங்கள். என்றைக்காவது உங்களுக்குப் பயன்படுவான்." இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அது நல்ல யோசனை என்றார். நான் கைகுலுக்கிவிட்டு வந்தேன்.

ஜைனுதீன் அப்போது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவனுக்கு ஆங்கிலம் புரியும். ஆறு வாரமாக என்னைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான்.

*

பால் நிறுக்கும் நேரம். தராசு மேடையருகே வாளிகளோடு எல்லாரும் நின்றார்கள். வரிசைக்கு வெளியே, பத்தடி தள்ளி, ஒரு மெலிந்த ஆள் தனியாக வாளியை வைத்துக்கொண்டு நின்றார். வடிவேலு என்று சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஜைனுதீன் சாந்தியிடமிருந்து சட்டையை வாங்கினான்.

"வேண்டாம், ஜைனு. மனுவாக எழுதலாம். சட்டையை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடலாம்," என்றேன்.

"பஸ்ஸுல யோசிச்சீங்களே அண்ணே. போட்டவன் யாருன்னு தெரிஞ்சா என்ன செய்யறதுன்னு. பதில் கெடச்சுதா?"

கிடைத்திருக்கவில்லை.

"வடிவேலுக்குப் போக எடமில்ல. எனக்குச் சிங்கப்பூர்ல சின்ன மாமு கடை இருக்கு. காலையில மீன் லாரி போகுது."

மேடைமேல் ஏறினான். வடிவேலுவின் சட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டு, குல்லாவை முகத்தில் இழுத்துவிட்டான். வரிசையில் ஒரு பெண் கத்தினாள். அவன் மெதுவாகச் சுற்றி முதுகைக் காட்டினான். ஜிப் பிளந்து வெள்ளைச் சட்டை தெரிந்தது.

"பை இருக்கா?" துணிக்குள்ளிருந்து அவன் குரல் அமுங்கி வந்தது. "முனியாயிம்மா சொன்ன பை இருக்கா? அது வேற சட்டை. என் சட்டை. அன்னைக்கு வந்தது நான்தான்."

குல்லாவைத் தள்ளி, அந்தச் சட்டையைக் கழற்றினான். எல்லாருக்கும் முகத்தைக் காட்டினான். கொட்டகையில் சொன்னதையே சொன்னான், லிஸ்டு, தோள், நாலு தடவை. அவன் சொல்லி முடிக்குமுன்பே யாரோ பால் பிடிக்கும் மங்குக் கிண்ணம் ஒன்றை வீசினார்கள். அது தோளில் பட்டு உடைந்தது. வெள்ளைப் பால் கை வழியாக ஒழுகியது. அவன் துடைக்கவில்லை.

"யாருடா ஒன்ன அனுப்புனது?" என்று ஒருவர் கேட்டார். "யாரு ஒன்னப் புடிச்சுக் குடுத்தது? சொல்லுடா!"

நான் மேடைக்கு மூன்றடி தூரத்தில் நின்றேன். பதினான்கு ஆண்டு அடுத்தவர் வாக்கியங்களை ஒரு சொல் விடாமல் எடுத்துச் சொன்னவன். என் வாக்கியம் ஒன்று வாய்வரை வந்தது.

"யாருமில்ல," என்றான் ஜைனுதீன். "நானேதான்."

வாக்கியம் உள்ளே போய்விட்டது.

கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் வந்தார். வடிவேலுவின் முகத்தைப் பார்க்காமல், அவருடைய வாளியைத் தூக்கி வரிசையின் முன்னால் கொண்டுபோய் வைத்தார். வடிவேலு வந்து வாளியின் பின்னால் நின்றார். சேதி சாயங்காலத்துக்குள் காட்டுக்குப் போய்விடும். எப்படிப் போகும் என்று யாரும் பேசுவதில்லை.

*

பஸ் கம்பி வேலியைத் தாண்டி ஒரு மைல் வந்திருக்கும். ஜைனுதீனின் சட்டையில் பால் காய்ந்து தோலாகியிருந்தது. அவன் அதை உரித்து உரித்து ஜன்னலுக்கு வெளியே போட்டான். பகடி எதுவும் வரவில்லை. அவன் பேசாமலிருந்தால் உலகம் இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"நான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னது எப்போதிலிருந்து தெரியும்?" என்றேன்.

"நீங்க சொன்னப்பவே கேட்டேன்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க அண்ணே. நாலு நாளு கழிச்சு என்னைப் பாத்ததுல." இன்னொரு துண்டை உரித்தபடி, "அதோட, தலைய ஆட்டினது நான்தானே," என்றான்.

நான் எழுந்து மணியை இழுத்தேன்.

"அண்ணே, இங்க ஸ்டாப்பு இல்ல. அடுத்த பஸ் மூணு மணிக்குத்தான்."

"தெரியும்."

தூறலில் தோட்டத்துக்குத் திரும்பி நடந்தேன். பின்னால் அவன் செருப்புச் சத்தம் கேட்டது. வரவேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை. வாசலில் அதே காவலாள், கையைத் தூக்கச் சொல்லித் தடவிப் பார்த்தான். "எதை விட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்டான். ஜைனுதீன், "குடை," என்றான். எங்கள் இருவரிடமும் குடையே இருந்ததில்லை.

முனியாயி ஏணைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தன. நான் நின்றபடியே சொன்னேன். இன்ஸ்பெக்டரிடம் நான் பேசிய வாக்கியத்தைத் தமிழில், ஒரு சொல் விடாமல். மேடையருகே நான் வாய் திறக்காததையும்.

அவள் கையிலிருந்த ஏணையை நான்காக மடித்தாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தரையில் உட்கார்ந்து, காகிதத்தை முழங்காலில் வைத்து மனு எழுதினேன். முகமூடி போட்டு வந்தவனுக்கு அந்த நான்கு பேரில் ஒருவரையும் தெரியாது, ஆகையால் அந்த அடையாளம் செல்லாது என்று எழுதினேன். முதல் சாட்சி ஜைனுதீன். அவன் கையெழுத்துப் போட்டான். இரண்டாம் சாட்சி என்று எழுதி, கீழே என் பெயரை எழுதினேன். நான் சொன்ன வாக்கியத்தையும் எழுதினேன். இனி எந்தப் போலீஸ் நிலையமும் என்னை உட்காரவைத்துப் பேசாது. முனியாயி, காளிமுத்துவின் தாய் என்ற இடத்தில் கட்டைவிரலை ஒற்றினாள். மை காய்வதற்காக ஊதினாள்.

பிறகு உள்ளே போனாள். திரும்பி வரும்போது ஒரு தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அதை ஜைனுதீன் முன்னால் வைத்தாள். அவன் அசையவில்லை.

"தின்னு," என்றாள். "கை வேற எதையும் தேட வேணாம்."

அவன் ஒரு துண்டை எடுத்தான். வாயில் வைத்ததும் அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. சத்தமில்லாமல் அழுதுகொண்டே தின்றான். அவள் அவன் எதிரே குந்தி, தட்டு காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வைக்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.